கடவுளை நம்புகிறேன்; நாட்டு உறுதிமொழியில் அவர் பெயர் வேண்டாம்

நான் கடவுளை நம்புகிறேன். நாள்தோறும் வழிபடுகிறேன். ஒரு நாட்டின் உறுதிமொழியில் கடவுளின் பெயர் இடம்பெறக் கூடாது என்பதிலும் உறுதியாக இருக்கிறேன். இந்த இரண்டும் ஒரே மனத்துக்குள் எப்படிப் பொருந்தும் என்று பக்தியுள்ள நண்பர்கள் என்னைக் கேட்டிருக்கிறார்கள். நாத்திகர்களுக்கு வக்காலத்து வாங்குகிறாய் என்று கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. வாய்ப்பேச்சில் இதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் பாதியிலேயே குரல் உயர்ந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

இந்த விவாதம் எங்கே தொடங்கினாலும் அமெரிக்காவில் போய்த்தான் நிற்கும். அங்கே பள்ளிக் குழந்தைகள் காலையில் கொடியைப் பார்த்து, வலக்கையை நெஞ்சில் வைத்துச் சொல்லும் உறுதிமொழியில் 'கடவுளின் கீழ் ஒரே நாடு' என்று வருகிறது. அந்த நாடு பிறந்த நாளிலிருந்தே அந்தச் சொற்கள் இருந்ததாக நினைப்பவர்கள் பலர். அப்படி இல்லை. கொலம்பஸ் அமெரிக்கக் கரையை அடைந்த 400ஆம் ஆண்டு விழாவுக்காக, 1892இல் 'யூத்ஸ் கம்பானியன்' என்ற இதழில் வெளிவந்த உறுதிமொழி அது. எழுதியவர் பிரான்சிஸ் பெல்லமி. கொடிக்கும் அது குறிக்கும் குடியரசுக்கும் விசுவாசம், பிளவுபடாத ஒரே நாடு, அனைவருக்கும் சுதந்திரமும் நீதியும். அவர் எழுதியது அவ்வளவுதான். கடவுள் அதில் இல்லை.

பெல்லமி ஒரு பாப்டிஸ்ட் போதகர். கடவுளைப் பற்றிப் பேசுவதே தொழிலாக இருந்தவர். கிறிஸ்துவின் போதனையிலிருந்தே சோஷலிசக் கருத்துகளுக்கு வந்தவர். அவர் சேர்க்க விரும்பிச் சேர்க்காமல் விட்டது 'சமத்துவம்' என்ற சொல்லைத்தான் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பெண்களுக்கும் கறுப்பின மக்களுக்கும் சம உரிமை தர விரும்பாத கல்வி அதிகாரிகள் அதை ஏற்க மாட்டார்கள் என்று அவர் அறிந்திருந்தார். மதபோதகர் ஒருவருக்கு உறுத்தலாக இருந்தது கடவுள் இல்லாமை அல்ல, சமத்துவம் இல்லாமை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர் மீது மரியாதை கூடுகிறது.

அமெரிக்க நாடாளுமன்றம் 1942இல் இந்த வாசகத்தைக் கொடிச் சட்டத்தில் சேர்த்தது. அப்போதும் கடவுள் இல்லை. பிறகு சோவியத் ஒன்றியத்துடன் பனிப்போர் முற்றியது. 'நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ்' என்ற கத்தோலிக்க அமைப்பு 1951இல் தன் கூட்டங்களில் அந்தச் சொற்களைச் சேர்த்துச் சொல்லத் தொடங்கி, நாடு முழுவதும் அப்படியே சொல்ல வேண்டும் என்று கேட்டது. 1954 பிப்ரவரி 7 அன்று வாஷிங்டனின் நியூயார்க் அவென்யூ பிரெஸ்பிடேரியன் தேவாலயத்தில் ஜார்ஜ் டாகர்ட்டி என்ற போதகர் இதையே பிரசங்கமாகச் செய்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவரும் ஒருவர். அதே ஆண்டு ஜூன் 14, கொடி நாளன்று, சட்டத்தில் கையெழுத்திட்டுவிட்டார்.

டாகர்ட்டியை மதவெறியர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அது நியாயமும் ஆகாது. ஸ்காட்லாந்திலிருந்து வந்த அவர், இந்த உறுதிமொழியை வெளியாளின் காதோடு கேட்டார். நாட்டின் பெயரை மட்டும் மாற்றிவிட்டால் மாஸ்கோவின் குழந்தைகளும் தங்கள் அரிவாள் சுத்தியல் கொடிக்கு முன் இதையே சொல்லலாமே என்று அவருக்குப் பட்டது. அமெரிக்காவை வேறுபடுத்துவது எது என்று தேடி, கெட்டிஸ்பர்க் உரையில் லிங்கன் சொன்ன 'கடவுளின் கீழ்' என்ற சொற்களிடம் வந்து சேர்ந்தார். யூதர்களையும் முஸ்லிம்களையும் விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே 'கிறிஸ்து' என்றோ 'திருச்சபை' என்றோ கேட்காமல் 'கடவுள்' என்று கேட்டார். அந்தக் காலத்துக்கு அது பரந்த மனம்தான். ஆனால் அதே பிரசங்கத்தில், நாத்திக அமெரிக்கர் என்பதே முன்னுக்குப் பின் முரணானது என்றும் சொன்னார். பிரச்சினை முழுவதும் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. குறி வைத்தது மாஸ்கோவை. வெளியே தள்ளப்பட்டது மாஸ்கோவில் இருந்தவர்கள் அல்லர், அதே வகுப்பறையில் பக்கத்து இருக்கையில் இருந்த குழந்தை.

அவருடைய கேள்விக்கு விடையும் அந்த வாசகத்திலேயே இருந்தது. அனைவருக்கும் சுதந்திரமும் நீதியும் என்பதை ஸ்டாலின் காலத்து மாஸ்கோவில் எந்தக் குழந்தையும் உண்மையாகச் சொல்லியிருக்க முடியாது. இரண்டு நாடுகளையும் பிரித்துக் காட்ட அதைவிடக் கூர்மையான கோடு வேண்டியதில்லை. அமெரிக்காவிலும் அந்த வரி அப்போது முழு உண்மையாக இல்லை என்பது வேறு. கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளி நடத்துவது செல்லாது என்ற பிரௌன் வழக்குத் தீர்ப்பு வந்ததும் அதே 1954 மே மாதத்தில்தான். அந்த ஆண்டு அந்த நாடு தன் உறுதிமொழியைக் கூர்ந்து படிக்க வேண்டியிருந்தது என்றால், படித்திருக்க வேண்டியது அதன் கடைசி வரியை.

லிங்கனைச் சாட்சிக்கு அழைப்பவர்களிடம் எனக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் கடவுளைப் பற்றிப் பேசினார்; ஆழமாகப் பேசினார். 1865இல் இரண்டாம் முறை பதவியேற்றபோது ஆற்றிய உரையில், உள்நாட்டுப் போரில் மோதும் இரு தரப்பும் ஒரே பைபிளைப் படிக்கின்றன, ஒரே கடவுளிடம் வேண்டுகின்றன, மற்றவரைத் தோற்கடிக்கத்தான் இருவருமே அவர் உதவியைக் கேட்கிறார்கள், இரு தரப்பின் வேண்டுதலும் பலிக்க வழியில்லை என்றார். கடவுள் தங்கள் பக்கம் இருப்பதாக உரிமை கொண்டாடாத, தயங்கித் தயங்கி நடக்கும் பக்தி அது. ஒரு மனிதர் தன் சொந்தக் குரலில், தன் சொந்தப் பொறுப்பில் பேசும்போதுதான் அப்படிப் பேச முடியும். ஆசிரியர் ஒரு வரி சொல்ல, குழந்தைகள் அதைத் திருப்பிச் சொல்லும் வாசகத்தில் அந்தத் தயக்கத்துக்கு இடமே கிடையாது.

இனி நீதிமன்றங்களுக்கு வருகிறேன். நம்பிக்கையுள்ளவனாக என்னை மிகவும் புண்படுத்துவது இந்தப் பகுதிதான்.

கலிபோர்னியாவில் மைக்கேல் நியூடோ என்ற நாத்திகர், தன் மகள் படிக்கும் பள்ளியில் இந்த வாசகம் சொல்லப்படுவதை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தார். 2002இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 'கடவுளின் கீழ் ஒரு நாடு' என்று சொல்வதும், 'இயேசுவின் கீழ்', 'விஷ்ணுவின் கீழ்', 'ஜீயஸின் கீழ்', 'எந்தக் கடவுளின் கீழும் அல்லாத நாடு' என்று சொல்வதும் அரசியலமைப்பின் பார்வையில் ஒன்றே என்றது அந்தத் தீர்ப்பு. பெருமாளை வணங்கும் நம்மவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்கலாம். 'விஷ்ணுவின் கீழ் ஒரே நாடு' என்று எழுதியிருந்தால் அமெரிக்கக் கிறிஸ்தவர் ஒருவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நம்மால் உடனே உணர முடிகிறது. அந்த உணர்வை மற்றத் திசையிலும் திருப்பிப் பார்க்க ஏன் இவ்வளவு சிரமப்படுகிறோம்?

தீர்ப்பு வந்த அன்றே செனட் சபை 99க்கு 0 என்று அதைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. 2004இல் வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. மகள் சார்பில் வழக்காட அந்தத் தந்தைக்குச் சட்டப்படி தகுதி இல்லை என்று சொல்லி, பெரும்பான்மை நீதிபதிகள் மூலக் கேள்விக்குள் போகாமலே முடித்துவிட்டார்கள். ஆனால் மூன்று நீதிபதிகள் தனித்தனியாகக் கருத்து எழுதி, வாசகம் செல்லும் என்றார்கள். அவர்களில் சாண்ட்ரா டே ஓகானர் சொன்ன காரணம், இது வெறும் சடங்குச் சொல் என்பது. விழாக்களுக்குக் கனம் சேர்க்கும் பழகிய தொடர், வழிபாடு அல்ல என்பது. இது புதிய வாதமும் அல்ல. இப்படிப்பட்ட தொடர்கள் திரும்பத் திரும்பச் சொல்லித் தேய்ந்து, குறிப்பிடத்தக்க மதப் பொருள் எதுவும் மிஞ்சாதவை என்ற கருத்தில் நீதிபதி பிரென்னன் 1984ஆம் ஆண்டு வழக்கு ஒன்றில் எழுதியிருக்கிறார்.

இதைப் பக்தர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன். கடவுளின் பெயரைக் காப்பாற்றச் சொல்லப்பட்ட சட்டக் காரணம், அந்தப் பெயருக்கு அங்கே பொருளே இல்லை என்பது! நான் வழிபடும்போது உச்சரிக்கும் பெயர் தேய்ந்துபோன சடங்குச் சொல் அல்ல. அதைச் சொல்லும்போது என் குரல் மாறுகிறது. அரசு அதை எடுத்து, காலை வருகைப் பதிவுக்கும் முதல் பாடவேளைக்கும் நடுவில் வைத்து, ஆண்டுக்கணக்கில் அரைத்தூக்கத்தில் சொல்ல வைத்து, கடைசியில் 'இதில் ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள்' என்று நாத்திகருக்குச் சமாதானம் சொல்கிறது. இதில் அதிகம் அவமதிக்கப்படுவது யார்?

அந்த மூவரில் கிளாரன்ஸ் தாமஸ் மட்டும் இதைப் பூசி மெழுகவில்லை. இந்த வரியைச் சொல்வது கடவுள் இருக்கிறார் என்று ஒப்புக்கொள்வதாகாமல் வேறு எப்படி ஆகும் என்று அவர் வெளிப்படையாகவே எழுதினார். நடப்பிலிருந்த முன்தீர்ப்புகளின்படி பார்த்தால் வாசகம் செல்லாது என்றும் ஒப்புக்கொண்டார். அந்த முன்தீர்ப்புகளே தவறு என்பது அவர் வாதம். அவர் போய்ச் சேர்ந்த இடம் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் சொற்களுக்கு அவற்றின் பொருளைக் கொடுத்தவர் அவர்தான். அந்த வரி ஒரு நம்பிக்கை அறிக்கை. அப்படி எடுத்துக்கொண்டு பேசினால்தான் விவாதமே நேர்மையாகிறது.

'யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே, பிடிக்காதவர்கள் பேசாமல் நிற்கட்டுமே' என்பார்கள். இந்த உரிமை எப்படி வந்தது என்று பார்த்தால் அந்தச் சமாதானம் அவ்வளவு லேசாக வாயில் வராது. 1935இல் பென்சில்வேனியாவின் மைனர்ஸ்வில் என்ற சிற்றூரில், யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பத்தைச் சேர்ந்த 12 வயதுச் சிறுமியும் அவளுடைய 10 வயதுத் தம்பியும் கொடிக்கு வணக்கம் செலுத்த மறுத்தார்கள். கடவுளைத் தவிர எதையும் வணங்கலாகாது என்பது அவர்கள் வேதம். பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1940இல் உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்ற கணக்கில் பள்ளியின் பக்கம் நின்றது. அடுத்த சில நாட்களிலேயே நாட்டின் பல இடங்களில் அந்த மதத்தவர் தாக்கப்பட்டார்கள். மெய்ன் மாநிலத்தின் கென்னபங்க்கில் அவர்களுடைய வழிபாட்டுக் கூடமான ராஜ்ய மன்றம் தீக்கிரையானது. மூன்றே ஆண்டுகளில் நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. 1943 ஜூன் 14 அன்று, இதே போன்ற பார்னெட் வழக்கில், அரசியல், தேசியம், மதம் எதிலும் எது சரியான கருத்து என்று எந்த அதிகாரியும் விதிக்க முடியாது, அதை வாயால் ஒப்புக்கொள்ளும்படி குடிமக்களைக் கட்டாயப்படுத்தவும் முடியாது என்று நீதிபதி ராபர்ட் ஜாக்சன் எழுதினார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம், தேசபக்தி கொதித்துக்கொண்டிருந்த காலம் என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் குழந்தைகள் நாத்திகர்கள் அல்லர். நம்மில் பலரைவிடத் தீவிரமான பக்தர்கள். நம் நாட்டிலும் இதே கதை நடந்திருக்கிறது. 1985இல் கேரளத்தில் அதே மதத்தைச் சேர்ந்த மூன்று குழந்தைகள், தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 1986 ஆகஸ்ட் 11 அன்று, பிஜோ இம்மானுவேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அந்த நம்பிக்கை நம் அறிவுக்கு ஏற்புடையதா என்பது கேள்வியல்ல, அவர்கள் அதை மனச்சாட்சிப்படி உண்மையாகக் கொண்டிருக்கிறார்களா என்பதே கேள்வி என்றார் நீதிபதி சின்னப்ப ரெட்டி. நம் மரபும் தத்துவமும் அரசியலமைப்பும் சகிப்பையே போதிக்கின்றன, அதை நீர்த்துப்போக விடவேண்டாம் என்று அந்தத் தீர்ப்பு முடிகிறது.

கடவுள் பெயரே இல்லாத வாசகமும் ஒருவர் மனச்சாட்சியில் இடிக்கலாம் என்பதற்கு இந்த இரண்டு வழக்குகளும் சாட்சி. அப்படியிருக்கும்போது, தெரிந்தே ஒரு முள்ளைச் சேர்த்து வைப்பானேன்? பெரியவர் ஒருவர் கூட்டத்தில் வாய்மூடி நிற்பதும், பத்து வயதுக் குழந்தை நிற்பதும் ஒன்றல்ல. அந்த வயதில் வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் பேசும்போது தனியாக மௌனமாக இருப்பது, தன் வீட்டார் எதை நம்பவில்லை என்பதை நாள்தோறும் எல்லார் முன்னும் அறிவிப்பதாகிறது. தேசபக்தி இல்லாததால் அல்ல, நேர்மை இருப்பதால் அந்தக் குழந்தை வாய்மூடுகிறது. பொய் சொல்லக் கூடாது என்று கற்றுக்கொடுக்கும் அதே வகுப்பறையில், நம்பாததை நம்புவதாகச் சொன்னால்தான் நீ எங்களில் ஒருத்தி என்கிறோம்.

எந்தக் கடவுள் என்ற கேள்வியும் இருக்கிறது. சமணமும் பௌத்தமும் உலகைப் படைத்து ஆளும் ஒரு கடவுளை ஏற்பதில்லை. தமிழின் பழைய காப்பியங்களில் பெரும்பாலானவை அவர்களுடைய கொடை. அவர்களை அறமில்லாதவர்கள் என்று சொல்ல எந்தத் தமிழருக்கு வாய் வரும்?

1949 அக்டோபர் 17 அன்று நம் அரசியல் நிர்ணய சபையில் நடந்ததை நான் அடிக்கடி எடுத்துப் படிப்பேன். அரசியலமைப்பின் முகவுரையை 'கடவுளின் பெயரால்' என்று தொடங்க வேண்டும் என்று எச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். உடனே, அசாமைச் சேர்ந்த ரோகிணி குமார் சௌதுரி, தேவியின் பெயரால் என்று ஏன் இருக்கக் கூடாது என்று கேட்டார். சக்தியை வழிபடும் மண்ணிலிருந்து வந்தவர், நியாயமான கேள்வி. கடவுளைச் சேர்ப்போம் என்று சொல்லி முடிப்பதற்குள், ஆணா பெண்ணா என்பதிலேயே பக்தர்களுக்குள் வேறுபாடு வந்துவிட்டது. பட்டம் தாணுப்பிள்ளை தாம் நம்பிக்கையுள்ளவர் என்று சொல்லிக்கொண்டே, இது நம்பிக்கை விஷயத்தில் கட்டாயம் ஆகிவிடும் என்றார். எண்ணத்துக்கும் நம்பிக்கைக்கும் வழிபாட்டுக்கும் சுதந்திரம் தருவதாகச் சொல்லும் முகவுரையே அதற்கு முரணாகத் தொடங்கலாமா என்று கேட்டார் ஹிருதயநாத் குன்ஸ்ரு. கடவுளை ஓட்டுக்கு விடும் சங்கடத்துக்கு எங்களை ஆளாக்காதீர்கள் என்று பூர்ணிமா பானர்ஜி காமத்திடம் மன்றாடினார். காமத் விடவில்லை. 41 பேர் ஆதரவு, 68 பேர் எதிர்ப்பு. திருத்தம் தோற்றது. எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் நாள்தோறும் வழிபட்டவர்களாகத்தான் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். நான் நிற்க விரும்புவது அந்த 68 பேரோடு.

அதே அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணையில் கடவுள் இருக்கிறார். பதவியேற்பவர் கடவுளின் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். தமிழ்நாட்டில் பதவியேற்பு விழாக்களைப் பார்ப்பவர்களுக்கு இது பழக்கமான காட்சி. 2021இல் மு.க. ஸ்டாலின் உளமார உறுதி கூறித்தான் முதலமைச்சரானார். வேறு பலர் கடவுளின் பெயரால் ஏற்றிருக்கிறார்கள். யாருடைய பதவிக்கும் இதனால் மாற்றுக் குறையவில்லை. ஆஸ்திரேலியாவில் குடியுரிமை பெறுபவர்களுக்கும் 1994 முதல் இரண்டு வாசகங்கள் உண்டு. 'கடவுளின் கீழ்' என்ற சொற்கள் ஒன்றில் உண்டு, மற்றதில் இல்லை. விரும்பியதை எடுத்துக்கொள்ளலாம். இதில் எனக்கு எந்தத் தடையும் இல்லை. வயது வந்த ஒருவர், தன் பெயரைச் சொல்லி, தன் சொல்லுக்குத் தான் சாட்சியாக நிறுத்த விரும்புவதைத் தானே தேர்ந்தெடுக்கிறார். கூட்டமாகக் குழந்தைகள் சொல்லும் ஒரே வாசகத்தில் அந்தத் தேர்வு கிடையாது.

நம் நாட்டின் உறுதிமொழி 1962இல் பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ் தெலுங்கில் எழுதியது. நானும் பள்ளியில் சொல்லி வளர்ந்தது. இந்தியர் அனைவரும் உடன்பிறந்தோர் என்கிறது, பெற்றோரையும் ஆசிரியர்களையும் மதிக்கச் சொல்கிறது, கடவுளைக் குறிப்பிடுவதில்லை. அதனால் எந்தப் பக்தருக்கும் பக்தி குறைந்ததாகத் தெரியவில்லை. இன்னும் அழுத்தமான ஒப்பீடு ஒன்று ஜொகூர் பாலத்தின் இரு கரைகளிலும் இருக்கிறது. 1964 இனக் கலவரங்களைக் கண்ட சிங்கப்பூர், 1966இல் இனம், மொழி, மதம் என்ற வேறுபாடுகளைக் கடந்து ஒன்றுபடுவோம் என்று தன் உறுதிமொழியை அமைத்தது. அதை வரைந்தவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். ராஜரத்தினம். 1969 மே கலவரத்துக்குப் பிறகு மலேசியா 1970இல் வகுத்த ருக்குன் நெகாரா என்ற தேசியக் கோட்பாடுகளில் முதலாவது, இறைவன் மீது நம்பிக்கை வைத்தல். இரண்டையுமே தமிழ்க் குழந்தைகள் தமிழிலும் சொல்லியிருக்கிறார்கள். மலேசியாவின் நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். மதங்கள் பலவாக உள்ள நாட்டில் இறை நம்பிக்கையாவது பொதுவாக இருக்கட்டும் என்று நினைத்தார்கள். ஆனால் ஒரு கரையில் மதம் என்பது ஒற்றுமைக்காகக் கடக்க வேண்டியவற்றுள் ஒன்று. மறு கரையில் நம்பிக்கை குடிமகனின் முதல் கடமை. அந்த முதல் வரியிலேயே, இறைவனை நம்பாதவன் குடிமகனாகத் தேறாமல் போகிறான்.

பெரும்பான்மை நம்புகிறதே என்ற வாதத்துக்கு நான் அதிகம் மினக்கெடப் போவதில்லை. பெரும்பான்மைக்கு உறுதிமொழியின் துணை இல்லாமலே கோயில்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் இருக்கின்றன. இப்போது நீக்கினால் அது கடவுளை விரட்டுவதாகாதா என்ற கேள்விதான் கனமானது. பல ஆண்டுகள் சொல்லிவந்தவர்களுக்கு அது வலிக்கும் என்பது எனக்குப் புரிகிறது. 'கடவுள் இல்லாத ஒரே நாடு' என்று யாராவது எழுத முனைந்தால் நானும் தெருவில் இறங்கிப் போராடுவேன். கேட்பது அதுவல்ல. அமெரிக்காவைப் பொறுத்தவரை 1954 ஜூன் 13 வரை சட்டத்தில் இருந்த வாசகத்துக்குத் திரும்பினால் போதும். இரண்டாம் உலகப் போரில் வென்ற தலைமுறை சொன்ன வாசகம் அது. அதை நாத்திக வாசகம் என்று அன்று யாரும் திட்டியதாகத் தெரியவில்லை.

அது விரைவில் நடக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. 99க்கு 0 என்று ஓட்டுப் போடும் சபைகள் அவ்வளவு எளிதாக அசையாது. ஆனால் பள்ளிகள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. டெக்சஸிலும் புளோரிடாவிலும் மாநிலச் சட்டப்படி, குழந்தை விலகி நிற்க வேண்டுமானால் பெற்றோர் எழுத்தில் கேட்க வேண்டும். 1943இல் குழந்தைகளுக்காக வென்ற உரிமைக்கு இப்போது வீட்டிலிருந்து கடிதம் கொண்டுவரச் சொல்கிறார்கள். பெற்றோரிடம் இதைச் சொல்லவே அஞ்சும் பதினாறு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? அந்த விதியை எடுத்துவிட வேண்டும். எந்த நாடானாலும், ஆண்டின் முதல் நாளிலேயே, வகுப்பு முழுவதும் கேட்கும்படி ஆசிரியர் சொல்ல வேண்டும்: இந்த வரியை நம்புகிறவர்கள் சொல்லுங்கள், நம்பாதவர்கள் விட்டுவிடுங்கள், யாரும் யாரையும் ஏன் என்று கேட்கக் கூடாது.